உங்களுக்குத் தெரியுமா? ரீடேக் இல்லாத சிரிப்பு!

1948-க்கும் 1957-க்கும் இடையே நியூயார்க்கிலிருந்து ஒளிபரப்பான நகைச்சுவை வெரைட்டி நிகழ்ச்சிகள் பெரும்பாலும் நேரலை. பாட்டு, நடனம், குறுநாடகம், வித்தை, விளம்பரம் என எல்லாமே அந்த நொடியில் நடந்து அந்த நொடியிலேயே வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. வசனம் மறந்தாலும் ஊரே பார்க்கும், கால் இடறினாலும் ஊரே பார்க்கும். வெட்டி ஒட்டிச் சீராக்கிய நகைச்சுவைக்குப் பழகிவிட்ட நமக்கு அந்தக் கலைஞர்களின் நெஞ்சுரம் பிரமிப்பைத் தருகிறது. அந்தப் பத்தாண்டுகளிலிருந்து சில துணுக்குகள்.

● வெரைட்டி நிகழ்ச்சிகள் 1948-இல் ஒரே சமயத்தில் முளைத்ததற்கு ஒரு தொழிற்சங்கமும் காரணம். ஜேம்ஸ் பெட்ரில்லோ தலைமையிலான அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம், தன் உறுப்பினர்கள் டிவியில் வாசிக்கக் கூடாது என்று 1945-இல் தடை போட்டது. வாத்தியக் குழு இல்லாமல் எப்படி வெரைட்டி நடத்துவது? 1946 மே மாதம் என்பிசி தொடங்கிய ஒரு மணி நேர நிகழ்ச்சியான 'ஹவர் கிளாஸ்' இசைத்தட்டுகளை ஓடவிட்டுத்தான் காலம் தள்ளியது. ஓராண்டுகூட நிற்கவில்லை. 1948 மார்ச்சில் தடை நீங்கியது. மார்ச் 20 அன்று சிபிஎஸ்ஸும் என்பிசியும் போட்டி போட்டுக்கொண்டு சிம்பொனிக் கச்சேரிகளை ஒளிபரப்பின. அடுத்த மூன்றே மாதத்தில், அமெரிக்க டிவியின் முகத்தை மாற்றிய இரண்டு வெரைட்டி நிகழ்ச்சிகள் பிறந்தன.

● முதலாவது, 1948 ஜூன் 8 அன்று என்பிசியில் தொடங்கிய 'டெக்சாக்கோ ஸ்டார் தியேட்டர்'. ஆரம்பத்தில் பலர் மாறி மாறித் தொகுத்து வழங்கினார்கள். அந்த இலையுதிர் காலத்தில் மில்டன் பெர்ல் நிரந்தரத் தொகுப்பாளர் ஆனதும் செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணி அவருக்கே சொந்தமாகிவிட்டது. பெர்ல் சிறுவயதிலேயே மேடை ஏறியவர். வாட்வில் எனப்படும் பல்சுவை மேடைதான் அவருக்குப் பள்ளிக்கூடம். நம் ஸ்பெஷல் நாடகத்தில் பபூன் மேடைக்கு வந்ததும் கொட்டகை நிமிர்ந்து உட்காருமே, அந்த வேலையைக் கேமராவுக்கு முன்னால் செய்தவர் அவர். பெண் வேடம் கட்டுவார், முகத்தில் மாவு அடி வாங்குவார், விருந்தினர் பாடிக்கொண்டிருக்கும்போதே குறுக்கே புகுந்து கலாட்டா செய்வார். நுட்பமான நகைச்சுவை என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் சின்னஞ்சிறு கறுப்பு வெள்ளைத் திரையில், மங்கலான படத்தில், எடுபடுவது எது என்று அவர் அளவுக்கு அன்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

1950-51 பருவத்தில் நீல்சன் கணக்குப்படி அவருடைய நிகழ்ச்சியின் ரேட்டிங் 61.6. டிவி இருந்த வீடுகளில் நூற்றுக்கு அறுபதுக்கும் மேல்! அமெரிக்கர்கள் அவரை 'மிஸ்டர் டெலிவிஷன்' என்று அழைத்தார்கள்.

● 'அங்கிள் மில்ட்டி' என்ற செல்லப்பெயர் பெர்லுக்கு நேரலையின் நெருக்கடியில் வந்தது. ஒருநாள் நிகழ்ச்சி சீக்கிரம் முடிந்துவிட, மிச்ச நேரத்தை எப்படியாவது நிரப்பியாக வேண்டிய கட்டாயம். கேமராவைப் பார்த்து, டிவி முன்னால் விழித்திருக்கும் குழந்தைகளே, மில்ட்டி மாமா சொல்கிறேன், போய்ப் படுங்கள் என்று பேச ஆரம்பித்தார். மறுநாள் தெருவில் பார்த்தவர்கள் எல்லாம் அப்படியே கூப்பிட்டார்கள்.

● பெர்லின் அம்மா பல ஆண்டுகள் மகனின் நிகழ்ச்சிகளில் பார்வையாளர்களோடு உட்கார்ந்திருப்பார். அவர் சிரிப்பு பலத்த சிரிப்பு. அது கிளம்பினால் பக்கத்து வரிசைகளுக்கும் தொற்றிக்கொள்ளும்.

● ஒத்திகையில் பெர்லின் கழுத்தில் ஒரு துண்டும் ஒரு விசிலும் தொங்கும். விளக்கு, கேமரா, வாத்தியம், நடனம் எது பிசகினாலும் விசில் பறக்கும். உடன் வேலை செய்தவர்களுக்கு அது பெரிய இம்சையாக இருந்திருக்கிறது. ஆனால் அன்றைக்கு டிவி நிகழ்ச்சியை இப்படித்தான் இயக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க முன்னோடி யாரும் இல்லை என்பதையும் நினைக்க வேண்டும்.

● அதே நிகழ்ச்சியில் விளம்பரமும் நகைச்சுவைதான். பெட்ரோல் பங்க் சீருடை போட்ட நான்கு பேர் பாடிக்கொண்டே வந்து நிகழ்ச்சியைத் தொடங்கி வைப்பார்கள். நடுவில் சிட் ஸ்டோன் என்ற நடிகர் தெருவோர வியாபாரியாக வந்து பெட்டியைத் திறந்து சரக்கு விற்பதுபோல பெட்ரோல் நிறுவனமான டெக்சாக்கோவின் விளம்பரத்தைச் சொல்லி முடிப்பார். அந்த விளம்பரத்துக்காகவே காத்திருந்து பார்த்தவர்கள் உண்டு.

● 1951-இல் என்பிசி பெர்லோடு முப்பது ஆண்டு ஒப்பந்தம் போட்டது. ஆண்டுக்கு 2 லட்சம் டாலர். ஆனால் வாராந்திர நிகழ்ச்சி 1956-லேயே நின்றுவிட்டது. ஒப்பந்தம் மட்டும் தொடர்ந்தது. மற்ற நிறுவனங்களில் நடிக்க அனுமதி வேண்டி, 1965-இல் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளச் சம்மதித்தார் பெர்ல்.

● பெர்லோடு மோதிய எதிராளிகளில் மறக்க முடியாதவர் ஒரு கத்தோலிக்க ஆயர்! ஃபுல்டன் ஷீன் என்ற அந்த ஆயர், 1952 முதல் டூமாண்ட் வலையமைப்பில், அதே செவ்வாய் இரவு எட்டு மணிக்கு, ஒரு கரும்பலகையை மட்டும் துணையாக வைத்துக்கொண்டு வாழ்க்கையைப் பற்றி உரையாற்றினார். ஆடல் கிடையாது, பாடல் கிடையாது. ஆனாலும் பெர்லின் ரசிகர் கூட்டத்தில் கணிசமான பங்கு இந்தப் பக்கம் வந்துவிட்டது. எம்மி விருது கிடைத்தபோது ஷீன், தன் எழுத்தாளர்களான மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் நால்வருக்கும் நன்றி சொன்னார். பெர்லும் சளைத்தவர் அல்ல. எங்கள் இருவருக்கும் முதலாளி ஒருவரே என்று சொல்லிவிட்டு, டெக்சாக்கோ பெட்ரோலின் பெயரான 'ஸ்கை சீஃப்' (வானத்துத் தலைவர்) என்பதைச் சேர்த்துக்கொண்டார்.

● இரண்டாவது நிகழ்ச்சி 1948 ஜூன் 20 அன்று சிபிஎஸ்ஸில் தொடங்கிய 'டோஸ்ட் ஆஃப் த டவுன்'. தொகுத்தவர் எட் சல்லிவன். அவருக்குப் பாட வராது, ஆட வராது, நகைச்சுவையும் வராது. பத்திரிகையில் பத்தி எழுதியவர். மேடையில் விறைத்துப்போய் நிற்பார். ஆனால் யாரிடம் திறமை இருக்கிறது என்பதை மோப்பம் பிடிக்கத் தெரிந்தவர். முதல் நாளிலேயே டீன் மார்ட்டின், ஜெரி லூயிஸ் ஜோடியைக் கொண்டுவந்தார். இருவருக்கும் சேர்த்துக் கொடுத்த பணம் 200 டாலர். 1955-இல் நிகழ்ச்சிக்கு அவர் பெயரையே சூட்டினார்கள். 1971 வரை ஞாயிறு இரவு எட்டு மணி அவருடையதாகவே இருந்தது. எல்விஸ் பிரெஸ்லி அந்த மேடையில் முதன்முதலாகத் தோன்றியது 1956 செப்டம்பர் 9 அன்று. அன்று சல்லிவன் இல்லை. கார் விபத்தில் காயம்பட்டு ஓய்வில் இருந்தார். நடிகர் சார்லஸ் லாட்டன்தான் தொகுத்து வழங்கினார்.

● எம்மி விருது வாங்கிய முதல் டிவி கலைஞர் பொம்மையைப் பேசவைக்கும் ஓர் இளம்பெண்! 1949 ஜனவரியில் நடந்த முதல் விழாவில் ஷெர்லி டின்ஸ்டேல் விருது பெற்றார். அவருடைய பொம்மையின் பெயர் ஜூடி ஸ்பிளின்டர்ஸ்.

● டிவி விற்பனை அமோகமாக நடந்ததால் ஒரு டிவி நிகழ்ச்சி நின்றுபோன கதை இது. 1949 ஜனவரியில் 'அட்மிரல் பிராட்வே ரெவ்யூ' தொடங்கியது. விளம்பரதாரர் அட்மிரல் நிறுவனம், டிவி பெட்டி தயாரிப்பவர்கள். நிகழ்ச்சியைப் பார்த்தவர்கள் அட்மிரல் டிவிக்கு ஆர்டர் மேல் ஆர்டர் கொடுத்தார்கள். தேவைக்கு ஈடுகொடுக்கத் தொழிற்சாலையை விரிவாக்க வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். நிகழ்ச்சிக்குச் செலவழித்த பணத்தை அங்கே திருப்பிவிட்டார்கள். ஜூன் மாதத்தோடு நிகழ்ச்சி முடிந்தது.

அதில் நடித்த சிட் சீசரும் இமொஜீன் கோகாவும் வேலையின்றிப் போய்விடவில்லை. தயாரிப்பாளர் மேக்ஸ் லீப்மன் 1950 பிப்ரவரி 25 அன்று அதே குழுவை வைத்து 'யுவர் ஷோ ஆஃப் ஷோஸ்' தொடங்கினார். இந்தப் பத்தியை எழுதுவதற்கு எனக்கு முக்கியக் காரணமே இந்த நிகழ்ச்சிதான். சனிக்கிழமை இரவு, தொண்ணூறு நிமிடம், ஆண்டுக்கு 39 வாரம். பார்த்துப் படிக்க அட்டை கிடையாது. வசனம் காட்டும் கருவி கிடையாது. ஒவ்வொரு வாரமும் புதுசாக எழுதி, மனப்பாடம் செய்து, ஒரே ஒரு முறை நடித்துவிட்டு அடுத்த வாரத்துக்குப் போய்விட வேண்டும்.

வாட்வில் கலைஞர் ஒருவர் பதினைந்து நிமிடத் துணுக்கு ஒன்றை மெருகேற்றி வைத்துக்கொண்டு, ஊர் ஊராகப் பல ஆண்டுகள் பிழைத்துவிடலாம். டிவியில் அதே துணுக்கு ஒரே இரவில் நாடு முழுக்கப் போய்த் தீர்ந்துவிடும். மேடையில் பேரெடுத்த பலர் இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறினார்கள். சீசர் குழு நான்கு ஆண்டுகள் தாக்குப்பிடித்தது.

● சிட் சீசருக்கு ஆங்கிலம் தவிர வேறு மொழி சரளமாகத் தெரியாது. ஆனால் ஜெர்மன், இத்தாலியம், பிரெஞ்சு, ஜப்பானியம் என்று எந்த மொழியில் கேட்டாலும் அசல் போலவே பேசுவார். ஒரு வார்த்தைக்கும் பொருள் இருக்காது! அப்பா யாங்கர்ஸ் நகரில் உணவகம் நடத்தினார். அங்கே சாப்பிட வந்த குடியேறிகள் ஒவ்வொரு மேசையிலும் ஒவ்வொரு மொழி பேசுவார்கள். மேசைகளுக்கு இடையே வளைய வந்த பையன், சொற்களை விட்டுவிட்டு ஏற்ற இறக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டான். அவரோடு நடித்த ஹோவர்ட் மோரிஸும் கார்ல் ரைனரும்கூட இந்தப் பொய்மொழியில் கைதேர்ந்தவர்கள்.

● 1955-இல், சீசர் அடுத்து நடத்திய 'சீசர்ஸ் ஹவர்' நிகழ்ச்சியில் ஓர் இத்தாலிய ஆபெராவைக் கேலி செய்யும் நாடகம். சீசருக்குக் கோமாளி வேடம். கண்ணாடி முன் உட்கார்ந்து சோகமாகப் பாடிக்கொண்டே கன்னத்தில் ஒரு கண்ணீர்த்துளி வரைய வேண்டும். வரையும்போது பென்சில் முனை உடைந்து கன்னத்தில் ஒரு கோடு விழுந்துவிட்டது. சீசர் பாட்டை நிறுத்தவில்லை. இன்னொரு கோடு போட்டார். குறுக்கே இரண்டு கோடு போட்டார். கட்டங்கள் கிடைத்தன. அந்தக் கட்டங்களில் பெருக்கல் குறியும் வட்டமும் போட்டுத் தன் கன்னத்திலேயே ஓர் ஆட்டம் ஆடி முடித்துவிட்டார், அதே சோகப் பாட்டோடு! ஒத்திகையில் இல்லாத அந்தச் சில நொடிகள்தான் இன்றுவரை பேசப்படுகின்றன. நேரலை என்ற சொல்லை யாராவது விளக்கச் சொன்னால் நான் இந்தக் காட்சியைத்தான் காட்டுவேன்.

● இமொஜீன் கோகாவை நகைச்சுவை நடிகை ஆக்கியது குளிர். 1934-இல் நியூயார்க்கில் ஒரு மேடை நிகழ்ச்சிக்கு ஒத்திகை. அரங்கம் சில்லிட்டுக் கிடந்தது. அவர் தன் உடம்புக்குப் பொருந்தாத பெரிய கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு, உடம்பைச் சூடாக்க மேடை ஓரத்தில் ஏதோ ஆடிக்கொண்டிருந்தார். பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரிக்க, அந்த ஆட்டத்தை அப்படியே நிகழ்ச்சியில் சேர்த்துவிட்டார்கள். அதுவரை அவர் பாடகி, நடனக்காரி.

● பிரபலப் படமான 'ஃப்ரம் ஹியர் டு எடர்னிட்டி'யில் கடற்கரைக் காதல் காட்சி ஒன்று உண்டு. சீசரும் கோகாவும் அதைக் கேலி செய்து நடித்தபோது அலைக்குப் பதில் வாளி வாளியாகத் தண்ணீரை அவர்கள் முகத்தில் வீசினார்கள். காதல் வசனம் பேச வாயைத் திறக்கும்போதெல்லாம் தண்ணீர்.

● 'யுவர் ஷோ ஆஃப் ஷோஸ்' நிகழ்ச்சியின் எழுத்தாளர் அறை இன்று ஒரு புராணம்போல் ஆகிவிட்டது. தலைமை எழுத்தாளர் மெல் டோல்கின். மேசை மேல் ஏறுபவர், கத்துபவர், சண்டை போடுபவர் எல்லோரும் அங்கே உண்டு. லூசில் காலன் அந்த ஆண்கள் கூட்டத்தில் ஒரே பெண். தன் யோசனையைக் கேட்கவைக்க, மேசை மேல் ஏறி நின்று சிவப்பு ஸ்வெட்டரை ஆட்ட வேண்டியிருந்தது. நீல் சைமனுக்கோ மெல்லிய குரல். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கார்ல் ரைனர் காதில் முணுமுணுப்பார். ரைனர் எழுந்து, இவரிடம் ஒன்று இருக்கிறது என்று உரக்கக் கத்துவார். மெல் புரூக்ஸை முதலில் லீப்மனுக்குப் பிடிக்கவே இல்லை. அதனால் சீசர் தன் கைக்காசிலிருந்து வாரம் 50 டாலர் கொடுத்து அவரை வைத்துக்கொண்டார்.

பின்னாளில் இவர்கள் என்ன ஆனார்கள் என்று பாருங்கள். நீல் சைமன் 1991-இல் புலிட்சர் பரிசு பெற்ற நாடக ஆசிரியர். மெல் புரூக்ஸ் 'த புரொட்யூசர்ஸ்' படத் திரைக்கதைக்கு ஆஸ்கர் வாங்கினார். ரைனர் 'த டிக் வான் டைக் ஷோ'வைப் படைத்தார். 'ஃபிட்லர் ஆன் த ரூஃப்' இசைநாடகத்தின் வசனம் எழுதிய ஜோசஃப் ஸ்டைனும் இங்கிருந்து போனவர்தான். அடுத்து வந்த 'சீசர்ஸ் ஹவர்' எழுத்தாளர் லாரி கெல்பார்ட் 'மேஷ்' தொடரை டிவிக்கு உருவாக்கினார். ஒரே நகைச்சுவை நிகழ்ச்சியின் நிழலிலிருந்து இத்தனை பேர் வந்தது வேறெங்கும் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை.

● இதற்கெல்லாம் விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. வாரா வாரம் நேரலை தந்த அழுத்தத்தில் சீசர் மதுவுக்கும் மாத்திரைக்கும் அடிமையானார். மீண்டு வர இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1982-இல் வெளிவந்த தன் வரலாற்றில் அவரே இதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். வேடமோ பொய்மொழியோ இல்லாமல், வெறும் சிட் சீசராகப் பார்வையாளர் முன் நின்று பேசுவது அவருக்குக் கடைசி வரை கூச்சமாகவே இருந்தது.

● இரவு நேர டிவி நிகழ்ச்சிகளுக்கு மூத்தது 1950 மே 29 அன்று தொடங்கிய 'பிராட்வே ஓப்பன் ஹவுஸ்'. அதைத் தொகுக்கத் தேர்வானவர் டான் ஹார்ன்ஸ்பி என்ற இளம் நகைச்சுவைக் கலைஞர். ஒளிபரப்பு தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன் இளம்பிள்ளை வாதம் அவரைப் பலிகொண்டது. போலியோ தடுப்பூசி வர இன்னும் ஐந்து ஆண்டுகள் இருந்தன.

● நகைச்சுவைக் கலைஞர் ஜாக்கி கிளீசனுக்கு ஒத்திகை என்றாலே ஆகாது. வசனம் மறந்துவிட்டால் வயிற்றைத் தட்டுவார். உடன் நடிப்பவர்களுக்கு அது அடையாளம். யாராவது பேசி இடத்தை நிரப்ப வேண்டும். 1951 அக்டோபர் 5 அன்று டூமாண்டின் 'கேவல்கேட் ஆஃப் ஸ்டார்ஸ்' நிகழ்ச்சியில் ஒரு சின்னக் குறுநாடகம் வந்தது. பேருந்து ஓட்டுநர் ஒருவர், அவர் மனைவி, ஓயாத சண்டை. அதுதான் 'ஹனிமூனர்ஸ்'. முதல் மனைவியாக நடித்தவர் பெர்ட் கெல்டன். கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த காலம் அது. கறுப்புப் பட்டியலில் பெயர் வந்ததால் அவரை விலக்கிவிட்டு ஆட்ரி மெடோஸைக் கொண்டுவந்தார்கள். நாடகத்தில் அந்தத் தம்பதி குடியிருந்த புரூக்ளினின் சான்சி தெரு, கிளீசன் சிறுவனாக வாழ்ந்த தெரு. அந்த வறுமையை அவர் கற்பனையில் தேட வேண்டியிருக்கவில்லை.

● 1954 ஜனவரி 30. கிளீசன் நேரலையில் மேடையில் வழுக்கி விழுந்தார். கால் எலும்பு முறிந்தது. நடிப்பின் ஒரு பகுதி என்றே பலர் நினைத்தார்கள்.

● அதே ஆண்டு ஆகஸ்டில் இன்னொரு நகைச்சுவைக் கலைஞரான ரெட் ஸ்கெல்டனுக்கு ஒத்திகையில் அடிபட்டது. நிகழ்ச்சி தொடங்க ஏறத்தாழ ஒரு மணி நேரமே பாக்கி. எழுத்தாளராக இருந்த ஓர் இளைஞரை அவசரமாக வரவழைத்து மேடையேற்றினார்கள். அந்த இளைஞர் ஜானி கார்சன். 1962 முதல் முப்பது ஆண்டுகள் 'டுநைட் ஷோ'வை நடத்தியவர்.

● 1952 பிப்ரவரி. 'கோல்கேட் காமெடி ஹவர்' நேரலையில் சமி டேவிஸ் ஜூனியர் ஆடிப் பாடி முடித்து வியர்வை சொட்ட நின்றார். தொகுப்பாளர் எடி கேன்டர் தன் கைக்குட்டையை எடுத்து அவர் நெற்றியைத் துடைத்து அணைத்துக்கொண்டார். ஒரு மூத்த கலைஞர் இளைய கலைஞரிடம் காட்டிய இயல்பான பாசம், அவ்வளவுதான். ஆனால் கேன்டர் வெள்ளையர், டேவிஸ் கறுப்பினத்தவர். வசைக் கடிதங்கள் குவிந்தன. விளம்பரதாரருக்கும் நெருக்கடி. கேன்டர் என்ன செய்தார் தெரியுமா? டேவிஸை மறுபடியும் தன் நிகழ்ச்சிக்கு அழைத்தார். பதிவு செய்து ஒளிபரப்பியிருந்தால் அந்தக் கைக்குட்டைக் காட்சியை யாராவது வெட்டியிருக்கக்கூடும்.

● 1951 செப்டம்பர் வரை அமெரிக்காவின் கிழக்குக் கரையும் மேற்குக் கரையும் டிவியால் இணைக்கப்படவில்லை. அந்த மாதம் 4-ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் அதிபர் ட்ரூமன் ஆற்றிய உரைதான் இரு கரைகளிலும் ஒரே நேரத்தில் பார்க்கப்பட்ட முதல் ஒளிபரப்பு. அதற்கு முன் மேற்கே இருந்தவர்கள் நியூயார்க் நிகழ்ச்சிகளைப் பழைய சரக்காகத்தான் பார்த்தார்கள். டிவி திரைக்கு எதிரே ஒரு சினிமா கேமராவை வைத்து, ஓடும் படத்தை அப்படியே ஃபிலிமில் பிடித்து அனுப்புவார்கள். அதற்குக் கினெஸ்கோப் என்று பெயர். படம் மங்கும், ஓரம் கலங்கும். 1949-இல் நகைச்சுவைக் கலைஞர் எட் வின் ஹாலிவுட்டிலிருந்து நிகழ்ச்சி நடத்தியபோது இதே முறையில்தான் கிழக்கே உள்ளவர்கள் அதைப் பார்த்தார்கள்.

● 1948 செப்டம்பர் 30 அன்று அமெரிக்க அரசின் ஒளிபரப்பு ஆணையம் புதிய டிவி நிலையங்களுக்கு உரிமம் தருவதை நிறுத்தியது. சில மாதங்களுக்கு என்று சொன்ன தடை 1952 ஏப்ரல் வரை நீண்டது. நியூயார்க், சிகாகோ போன்ற பெருநகரங்களில் டிவி செழித்தது. பல ஊர்களுக்கு அது எட்டவே இல்லை. 1950-இல் நூற்றுக்கு 9 வீடுகளில்தான் டிவி. 1955-இல் 64. டிவி மற்ற ஊர்களுக்கும் பரவியபோது, பெருநகர மேடைச் சிரிப்பு எங்கும் ஒரே மாதிரி எடுபடவில்லை. பெர்லின் செல்வாக்கு சரிந்ததில் இதற்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

● நகைச்சுவைக் கலைஞர் எர்னி கோவாக்ஸ் செய்த ஒரு வித்தை. மேசையில் உட்கார்ந்து சாப்பிடப் போகிறார். எடுத்து வைத்த ஆலிவ் காய்கள் தாமாக உருண்டு ஓடுகின்றன. குடுவையிலிருந்து பாலை ஊற்றினால் கோப்பையை விட்டு விலகிக் கோணலாக விழுகிறது. திரையில் எல்லாம் நேராகவே தெரிகிறது. எப்படி? மேசை, சுவர் உட்பட மொத்த அரங்கையும் சாய்த்துக் கட்டி, கேமராவையும் அதே அளவு சாய்த்து வைத்திருந்தார்கள். 1957 ஜனவரி 19 அன்று என்பிசியில் வந்த இந்த நிகழ்ச்சியில் வசனமே கிடையாது. ஜெரி லூயிஸ் தனக்கு ஒதுக்கிய தொண்ணூறு நிமிடத்தில் அறுபதை மட்டும் எடுத்துக்கொண்டதால் மிஞ்சிய, யாரும் விரும்பாத அரை மணி நேரத்தில் கோவாக்ஸ் செய்து காட்டியது இது.

● அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு செய்தி. லண்டன் பல்லேடியம் அரங்கிலிருந்து 1955 முதல் ஞாயிறுதோறும் ஒளிபரப்பான வெரைட்டி நிகழ்ச்சிக்கு 1961 டிசம்பரில் நடிகர் சங்க வேலைநிறுத்தத்தால் கலைஞர்கள் இல்லை. தொகுப்பாளர் புரூஸ் ஃபோர்சித்தும் நார்மன் விஸ்டமும் இருவராகவே முழு நிகழ்ச்சியையும் நடத்தி முடித்தார்கள்.

● ஆம்பெக்ஸ் நிறுவனம் 1956 ஏப்ரலில் வீடியோ டேப் இயந்திரத்தைக் காட்சிக்கு வைத்தது. அதே ஆண்டு நவம்பர் 30 அன்று சிபிஎஸ் அதைச் செய்தி ஒளிபரப்புக்குப் பயன்படுத்தியது. நேரலை நகைச்சுவையின் காலம் அத்தோடு சுருங்கத் தொடங்கியது. பழைய பழக்கத்தை 1975-இல் மீட்டெடுத்தது 'சாட்டர்டே நைட் லைவ்'. 1983-இல் சிட் சீசர் அங்கே விருந்தினராக வந்தபோது அவரைக் கௌரவ உறுப்பினராக ஆக்கினார்கள்.

● இனி வருத்தமான செய்தி. டூமாண்ட் வலையமைப்பு 1956-இல் மூடப்பட்டது. அதன் கினெஸ்கோப் சுருள்கள் 1970-களில் லாரிகளில் ஏற்றப்பட்டு நியூயார்க் விரிகுடாவில் கொட்டப்பட்டன. எர்னி கோவாக்ஸின் மனைவியும் பாடகியுமான ஈடி ஆடம்ஸ் 1996-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் விசாரணையில் இதைச் சாட்சியமாகச் சொன்னார். கணவரின் நிகழ்ச்சிப் பதிவுகளும் அழிக்கப்படுவதைக் கண்டு, தன் பணத்தைச் செலவழித்து அவற்றை வாங்கிக் காப்பாற்றியவர் அவர். அவர் இல்லையென்றால் கோவாக்ஸின் பெயர் மட்டும்தான் மிஞ்சியிருக்கும். ஜாக்கி கிளீசனும் தன் பிரதிகளைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1980-களில்தான் அவற்றை வெளியே விட்டார்.

● 2000-ஆம் ஆண்டில் நியூயார்க்கின் சிட்டி சென்டர் கட்டடத்தில் பூட்டிக் கிடந்த ஓர் அறையைத் திறந்தார்கள். மேக்ஸ் லீப்மனின் பழைய அலுவலகம் இருந்த இடம். உள்ளே பெட்டி பெட்டியாக 'யுவர் ஷோ ஆஃப் ஷோஸ்' ஸ்கிரிப்டுகள்! அவை நாடாளுமன்ற நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. லீப்மன் கினெஸ்கோப் சுருள்களையும் தூக்கி எறியாமல் வைத்திருந்தவர். அவற்றிலிருந்து பத்துக் குறுநாடகங்களைத் தேர்ந்தெடுத்து 1973-இல் திரைப்படமாகவே வெளியிட்டார்கள்.

● அந்தப் பத்தில் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். 1954 ஏப்ரல் 3 அன்று ஒளிபரப்பான 'திஸ் இஸ் யுவர் ஸ்டோரி'. பிரபலங்களைத் திடீரென மேடைக்கு அழைத்து அவர்கள் வாழ்க்கையைச் சொல்லும் நிகழ்ச்சி ஒன்று அப்போது புகழோடு ஓடியது. அதன் கேலி இது. தொகுப்பாளர் ரைனர் பார்வையாளர்களில் ஒருவரைச் சுட்டிக்காட்டுகிறார். அந்த ஆள் சீசர். வரமாட்டேன் என்று அடம் பிடிக்கிறார், எழுந்து ஓடுகிறார், அரங்கத்தின் நடைவழியெங்கும் ஆட்கள் துரத்துகிறார்கள், கடைசியில் தூக்கிக்கொண்டு வந்து மேடையில் போடுகிறார்கள். பிறகு உறவினர்கள் ஒவ்வொருவராக வர, கட்டிப்பிடித்து அழுகை. மாமா கூப்பியாக ஹோவர்ட் மோரிஸ் வருகிறார். ஆள் குள்ளம். சீசரின் காலைக் கட்டிக்கொண்டவர் விடவே மாட்டேன் என்கிறார். சீசர் நடக்கிறார், காலோடு அவரும் வருகிறார். பிய்த்து எடுத்து நாற்காலியில் உட்கார வைத்தால் மறுபடி பாய்ந்து வந்து தொற்றிக்கொள்கிறார். வசனம் கேட்காத அளவுக்கு அரங்கம் அதிர்கிறது. அந்தச் சிரிப்பு பிறகு சேர்த்த ஒலிநாடாச் சிரிப்பு அல்ல. அன்று அந்த அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களுடையது. பதினோரு நிமிடம் போலத்தான் ஓடும். படம் கொஞ்சம் மங்கலாக இருக்கும், அதைப் பொருட்படுத்தாமல் வீட்டில் எல்லோரையும் கூட்டி வைத்துப் பாருங்கள்.